ஒரே வயல், ஒரே சேறு: முதியவர்களில் சிலருக்கு மட்டும் கிருமி முற்றுவது பரம்பரையாலா?

தம்பலகாமம்_வரம்பு கேட்டது:

வணக்கம். பெரும்போக மழை தொடங்க முன் இங்குள்ள முதியோர் சங்கத்தில் ஒரு மணித்தியாலம் பேச வேண்டும். வயலாலும் தண்ணியாலும் வரும் கிருமிகளும் அறுபது தாண்டியவர்களும் என்பதுதான் விஷயம். எலிக்காய்ச்சல், மெலியோய்டோசிஸ் (சேற்றிலும் தண்ணியிலும் வாழும் ஒரு பேர்க்ஹோல்டேரியா கிருமியால் வருவது), நிமோனியா, சலத்தில் கிருமி என்று நாலையும் தொட்டுப் பேசுவேன். நோய்களைப் பற்றிச் சொல்லக் கைவசம் நிறைய இருக்கிறது. சபையில் வரப்போகும் ஒரு கேள்விக்குத்தான் உதவி வேண்டும்.

"கந்தளாய்க் குளத்துத் தண்ணி பாயிற ஒரே வயலுக்குள்ள அண்ணனும் தம்பியும் இறங்கினம். ரெண்டு பேருக்கும் சீனி வருத்தம். ஒருத்தர் ஐ.சி.யூ.வில, மற்றவருக்குத் தடிமன்கூட இல்லை. ஏன்?" இப்படி யாராவது கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவர் "அது அவையின்ர பரம்பரை உடம்பு" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

இதில் மரபணுவின் பங்கு உண்மையில் எவ்வளவு? கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பச் சொல்லிச் செய்விக்கும் மரபணுச் சோதனையால் இந்த விஷயத்தில் பிரயோசனம் உண்டா? குடும்பத்தில் எதை எதைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வைத்தால் வாட்டில் டொக்டருக்கு உதவும்? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கோ. சபையில் இருப்பவர்கள் விவரமான ஆட்கள்தான், மேலோட்டமாகச் சொன்னால் விடமாட்டார்கள்.

கொட்டியாரக்குடா எழுதியது:

நல்ல கேள்வி அண்ணை. மரபணுவுக்குப் பங்கு உண்டு, அதற்குச் சான்றும் பலமானது. அந்தச் சான்று யாரைப் பற்றியது என்று பார்க்காமல் தூக்கி எழுபது வயதுக்காரர் தலையில் வைப்பதால்தான் குழப்பம்.

முதலில் 1988இல் வந்த டென்மார்க் ஆய்வு. தத்துக் கொடுக்கப்பட்டு வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளைகளை எடுத்துப் பார்த்தார்கள். பெற்ற தாயோ தகப்பனோ 50 வயதுக்கு முன் தொற்றுநோயால் இறந்திருந்தால், பிள்ளையும் தொற்றால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 5.8 மடங்கு கூடுதலாக இருந்தது. வளர்த்தவர்கள் தொற்றால் இறந்ததற்கும் பிள்ளைக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. அதாவது ஒரே வீடு, ஒரே சாப்பாடு என்பதைவிட இரத்தம்தான் பேசியது. "பரம்பரை" என்று சொல்கிறவருக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் அந்தக் கணக்கு 50க்கு முன் நேர்ந்த சாவுகளுக்கானது. 80 வயதில் நிமோனியாவில் போன அப்பப்பாவை வைத்துப் பேரனுக்கு எதிர்வு சொல்ல அதில் இடமில்லை.

அடுத்தது 2015இல் வந்த இரட்டையர் ஆய்வு. 8 வயதிலிருந்து 82 வயது வரை 210 பேர். இரத்தத்தில் நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள 204 அளவுகளை எடுத்தார்கள். அவற்றில் 77 சதவீதத்தில் மரபைவிட மரபு அல்லாத காரணிகளே மேலோங்கி நின்றன. வயது போகப் போக இரட்டையர்களுக்குள்ளேயே வித்தியாசம் கூடியது. சைட்டோமெகலோ என்ற, உடம்பில் சத்தமில்லாமல் தங்கிவிடும் வைரஸ் ஒருவரைப் பிடித்து மற்றவரைப் பிடிக்காத சோடிகளில் பாதிக்கு மேற்பட்ட அளவுகள் மாறிப் போயிருந்தன. ஒரே முட்டையில் பிறந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் அண்ணன் தம்பிக்குச் சொல்லவா வேணும்.

இனி உங்கள் ஊருக்கு நேரே பொருந்தும் ஒன்று. டி.எல்.ஆர்.5 என்றொரு மரபணு இருக்கிறது. கிருமி நீந்தப் பயன்படுத்தும் சவுக்குமுளையின் புரதத்தை மோப்பம் பிடிக்கும் வாங்கியை உண்டாக்குவது இதுதான். சிலருக்கு இந்த மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தால் புரதம் 392ஆவது இடத்தில் பாதியில் வெட்டுப்படும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், அபாயச் சமிக்ஞை குறைந்துவிடும். 1999இல் நெதர்லாந்தில் ஒரு பூக்கண்காட்சியில் லெஜியோனெல்லா நிமோனியா பரவியபோது, இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது தெரிந்தது. சரி, கெட்ட மரபணு என்று முடிவு கட்டலாமா? 2013இல் தாய்லாந்தில் மெலியோய்டோசிஸ் நோயாளர்களைப் பார்த்தபோது, அதே மாற்றம் உள்ளவர்கள் குறைவாகவே இறந்திருந்தார்கள். உறுப்புகள் செயலிழப்பதும் அவர்களிடம் குறைவு.

ஒரு கிருமிக்குக் குழியும் இன்னொரு கிருமிக்குக் கவசமும் அதே எழுத்து மாற்றம். காரணம் விளங்காததல்ல. மெலியோய்டோசிஸ் இரத்தத்தில் ஏறிய பின் ஆளை விழுத்துவதில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, அதை அடிக்கப் புறப்பட்டு அடங்காமல் போகும் உடம்பின் அழற்சிக்கும் அவ்வளவு பங்கு. சமிக்ஞை கொஞ்சம் மந்தமானால் அழற்சியும் கட்டுக்குள் நிற்கும். ஆகவே "எங்கட பரம்பரைக்கு எதிர்ப்புச் சக்தி கூட" என்று யாராவது சொன்னால், எந்தக் கிருமிக்கு என்று திருப்பிக் கேளுங்கோ.

எம்.பி.எல்.2 பற்றியும் கேட்கக்கூடும். ஈரலில் ஊறும் ஒரு புரதம் கிருமியின் மேல் ஒட்டி "இதை விழுங்கு" என்று அடையாளம் வைக்கும். இரண்டு பிரதியிலும் கோளாறு உள்ளவர்களுக்கு நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகொக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவும் அபாயம் சுமார் 2.6 மடங்கு என்று 2002இல் பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. ஆனாலும் இந்தப் புரதம் குறைந்த பெரும்பாலானவர்கள் ஒரு வருத்தமும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

இப்போது இவற்றைச் சீனிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. நீரிழிவு உள்ளவருக்கு மெலியோய்டோசிஸ் வரும் அபாயம் ஏறத்தாழ 12 மடங்கு. இங்கே சொன்ன எந்த மரபணுவும் அதற்குக் கிட்டவும் வராது. அந்த அண்ணன் தம்பிக் கதையில் "ரெண்டு பேருக்கும் சீனி" என்பது போதாது. எச்.பி.ஏ.1.சி., அதாவது கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் சோதனை, ஒருவருக்கு 7, மற்றவருக்கு 12 என்றால் அது ஒரே வருத்தமல்ல. யாருடைய காலில் வெடிப்போ வெட்டுக்காயமோ இருந்தது, யார் வெறுங்காலோடு நின்றார், யாருக்கு சிறுநீரகம் பழுது, யார் சாராயம் குடிப்பவர், யார் இழுப்புக்குப் பிரெட்னிசலோன் குளிசை எடுப்பவர் என்பதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு மிச்சம் ஏதாவது விளங்காமல் நின்றால் அதை மரபணுவுக்குக் கொடுக்கலாம்.

வயதின் பங்கையும் ஒரு வசனத்தில் தாண்டிவிடாதீர்கள். வயது போனால் வெண்குழியங்கள் எண்ணிக்கையில் அவ்வளவு குறைவதில்லை. நியூட்ரோபில் கலம் கிருமி இருக்கும் திசைக்கு நேரே ஓடத் தெரியாமல் வளைந்து நெளிந்து அலைகிறது. வேகம் அதே வேகம், திசைதான் பிசகுகிறது. போகிற வழியெல்லாம் நொதியத்தைக் கொட்டி நல்ல இழையத்தையும் அரித்துவிட்டுக் கடைசியில் பிந்திப் போய்ச் சேரும். நுரையீரலில் இது நடந்தால் கிருமியும் மிஞ்சும், காயமும் மிஞ்சும். முதியவரின் நிமோனியா ஆற நாள் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருமலை_ஆய்வுகூடம் எழுதியது:

மேலே எழுதியவர் மரபணுவை நல்லாகச் சொல்லிவிட்டார். நான் இரத்தம் எடுக்கும் குப்பிப் பக்கம் வருகிறேன். ஏனென்றால் கிருமியின் பெயர் தெரியாமல் "இவர் உடம்பு தாங்கவில்லை" என்று சொல்லப்படும் கதைகளில் ஒரு பங்கு, கிருமியைச் சரியாகப் பிடிக்காததால் வருவது.

பிளட் கல்ச்சர், அதாவது இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, அன்ரிபயோட்டிக் ஏற்ற முன் எடுக்கப்பட வேண்டும். வளர்ந்தவருக்கு ஒரு குப்பிக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர், இரண்டு வெவ்வேறு இடத்தில் குத்தி இரண்டு சோடி. வயது போனவர்களின் நரம்பு மெல்லிசு, உருண்டு விலகும். அதனால் 2, 3 மில்லிலீற்றரோடு நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கிறது. அவர்கள் இரத்தத்தில் கிருமி மில்லிலீற்றருக்கு ஒன்றோ அதைவிடக் குறைவாகவோதான் இருக்கும். குறைத்து எடுத்தால் "வளரவில்லை" என்று ரிப்போட் வரும். அதை நம்பி "தொற்று இல்லை" என்று எழுதுவதுதான் ஆபத்து. ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின் போட்டுத் துடைத்தால் 30 செக்கன் காய விட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் தோல் கிருமி குப்பிக்குள் போய் அதுவே வளர்ந்து நிற்கும். குப்பியின் றப்பர் மூடியையும் துடைக்க வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வண்ணத்துப்பூச்சி ஊசியால் எடுத்தால் காற்றுள்ள குப்பியை முதலில் நிரப்புங்கள், குழாயில் நிற்கும் காற்று மற்றதற்குள், அதாவது காற்றில்லாக் குப்பிக்குள் போகக் கூடாது. எடுத்த குப்பியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

ஆளின் பிரஷர் விழுந்து கிடந்தால் கல்ச்சருக்காக ஊசியை மணித்தியாலக் கணக்கில் தாமதிக்க வேண்டியதில்லை. முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டும் நடந்துவிட வேண்டும்.

மெலியோய்டோசிஸ் சந்தேகம் என்றால் அந்தச் சொல்லைக் கோரிக்கைத் தாளில் எழுத வேண்டும். இலங்கையில் 1927இலேயே பதிவான நோய், ஆனால் நினைக்காவிட்டால் கண்ணில் படாது. எழுதினால் இரண்டு நன்மை. ஒன்று, நாங்கள் பாதுகாப்பு அறைக்குள் வைத்துக் கிருமி வளர்க்கும் தட்டைத் திறப்போம், மூக்கருகே கொண்டு போக மாட்டோம். மற்றது, தட்டை 48 மணித்தியாலத்தில் எறியாமல் நாள் கூட்டி வைத்து, இந்தக் கிருமியைப் பிடிக்கவென்றே உள்ள அஷ்டவுன் ஊடகத்திலும் போடுவோம். அதில் காய்ந்து சுருங்கிய ஊதாக் கூட்டங்களாக வரும். சாதாரண ஊடகத்தில் அதை "சூடோமோனாஸ், அழுக்காக இருக்கலாம்" என்று தள்ளிவிட இடமுண்டு. தானியங்கிக் கருவிகளும் சில நேரம் வேறு பேர்க்ஹோல்டேரியா என்றோ குரோமோபக்டீரியம் என்றோ தவறாகப் பெயர் சொல்லும். ஜெண்டாமைசினும் கொலிஸ்டினும் பலிக்காமல் கோ-அமொக்சிகிளேவ் பலிக்கிறது என்று மருந்து தோய்த்த மூன்று வட்டு காட்டினால் உடனே உசாராக வேண்டும். இரத்தத்தோடு சலம், சளி, சீழ், தொண்டைத் துடைப்பு, மலவாயில் துடைப்பு எல்லாம் அனுப்பினால் பிடிபடும் வாய்ப்புக் கூடும். எல்லாம் அனுப்பினாலும் கல்ச்சர் பத்தில் ஆறு பேரை அளவில்தான் பிடிக்கும். ஒருமுறை வளரவில்லை என்பதோடு விட்டுவிடக் கூடாது.

எதிருடல் சோதனை ஒன்று குறைந்த அளவில் பொசிட்டிவ் வந்தால் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல ஏலாது. வயலில் வாழ்ந்தவர்களுக்குப் பழைய தொடர்பால் அப்படி வரும்.

கிண்ணியாக்கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஆய்வுகூட அக்கா சொன்ன கல்ச்சர் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நானா கேட்ட மூன்றாவது கேள்விக்கு, அதாவது கிளினிக் கொப்பியில் என்ன எழுதுவது என்பதற்கு யாரும் இன்னும் கை வைக்கவில்லை. அதிலதான் மரபணு நேரடியாகப் பிரயோசனப்படும். கிருமியை எதிர்க்கும் மரபணுவைவிட, கிருமிக்குக் கொடுக்கும் மருந்தை உடம்பு எப்படித் தாங்கும் என்கிற மரபணுவுக்கு இன்றைக்கே வேலை இருக்கு.

முதலாவது ஜெண்டாமைசின் வகை ஊசி. கலத்துக்குள் சக்தி உண்டாக்கும் மைற்றோகொண்ட்ரியாவின் மரபணுவில் 1555ஆம் இடத்தில் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு, அளவு சரியாக இருந்தாலும், ஒன்றிரண்டு ஊசியிலேயே காது நிரந்தரமாகச் செவிடாகலாம். ஐரோப்பாவில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கு. மைற்றோகொண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும்தான் வரும். அதனால் கேட்கிற ஆட்களைச் சரியாகத் தெரிய வேண்டும். உம்மா, உம்மாவின் உம்மா, பெரியம்மா, சாச்சி, அவர்கள் பிள்ளைகள், தாயின் சகோதரரான மாமா, இவர்களில் யாருக்காவது ஊசி மருந்துக்குப் பிறகு காது கேளாமல் போச்சா என்று கேளுங்க. மாமாவுக்கு இருந்தாலும் மாமாவின் பிள்ளைகளுக்குப் போகாது. வாப்பா வழிச் செவிட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. காசநோய்க்கு முந்திப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசினும் இதே வகை என்பதால் பழைய ஆட்களின் கதை நல்ல தடயம். ஆம் என்று பதில் வந்தால் "ஜெண்டாமைசின், அமிகாசின் கொடுக்க முன் யோசிக்கவும், தாய்வழிச் செவிடு" என்று கொப்பியின் முன்பக்கத்திலேயே எழுதுங்க.

இரண்டாவது, செங்குழியம் உடையாமல் காக்கும் நொதியமான ஜி.6.பி.டி.யின் குறைபாடு. எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. தாயிடமிருந்து மகனுக்கு வரும், ஆண்களிடம்தான் முழுசாக வெளிப்படும். இலங்கை மலேரியா இல்லாத நாடாக 2016இல் அறிவிக்கப்பட்டது. அதுக்கு முந்திய காலத்தில் வாழ்ந்த ஆட்கள் பிரிமாகுயின் குடித்திருப்பாங்க. "மலேரியாக் குளிசை குடிச்சு சலம் கறுப்பாப் போச்சா, கண் மஞ்சளாச்சா?" இந்த ஒரு கேள்வி போதும். ஆம் என்றால் சலத்தில் கிருமிக்கு நைட்ரோஃபுரான்டோயின் எழுத முன்னம் சோதித்துப் பார்க்க வேண்டும். மெலியோய்டோசிசுக்கு கோ-டிரைமொக்சசோல் கூடிய அளவில் மூன்று மாதம் போவதால் அதற்கும் சொல்லி வையுங்க. சோதனையை ஆள் நல்லாக இருக்கும்போது செய்யணும். செங்குழியம் உடைந்த உடனே செய்தால், குறைபாடுள்ள பழைய கலங்கள் போய்ப் புதிய கலங்கள் மட்டும் நிற்பதால் "சாதாரணம்" என்று பிழையான விடை வரும்.

மூன்றாவது, ஈரலில் மருந்தை உடைக்கும் நொதியத்துக்கான என்.ஏ.டி.2 மரபணு. தென்னாசியரில் பாதிக்கு மேல் ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தை மெதுவாக உடைக்கிறவர்கள். அறுபது தாண்டியவருக்குக் காசநோய் மருந்து தொடங்கினால் ஈரல் பாதிப்பு வரும் வாய்ப்பு அதனாலும் கூடும். இதுக்கு மரபணுச் சோதனை வேண்டாம். ஈரல் சோதனையைக் காலம் தவறாமல் செய்வதும், சாப்பாட்டில் வெறுப்பு, குமட்டல், மஞ்சள் சலம் என்று கண்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் போவதும் போதும். இன்னொன்று, மெலியோய்டோசிஸ் காசநோய் மாதிரியே வேஷம் போடும். சளியில் கிருமி தெரியாமலே காசநோய் மருந்து தொடங்கி ஆள் தேறவில்லை என்றால் அக்காவிடம் மாதிரியைக் கொடுக்கணும்.

மச்சான் மச்சாள் கலியாணம் பற்றியும் சபையில் வரும். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் இரண்டு பிரதியும் கெடும் வகை நோய்கள் கூடும் என்பது உண்மை. ஆனால் அந்த வகை நோய் எதிர்ப்புக் கோளாறுகள் சின்ன வயதிலேயே காட்டிவிடும். ஐ.ஆர்.ஏ.கே.4 என்ற மரபணுவில் முழுக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு நியூமோகொக்கஸ் உயிருக்கு உலை வைக்கும், பதின்ம வயது தாண்டினால் அதே ஆட்களுக்கு அந்த அபாயம் வெகுவாகக் குறையும். எழுபது வரை நல்லாக இருந்தவருக்கு இப்போது வருடத்துக்கு இரண்டு நிமோனியா என்றால் பெற்றோரின் கலியாணத்தைத் தோண்ட வேண்டாம். எஃப்.பி.சி. (இரத்தக் கலங்களின் எண்ணிக்கை) எடுத்து லிம்போசைற் எண்ணிக்கையைப் பாருங்க, ஐ.ஜி.ஜி. என்ற எதிருடலின் அளவு, புரத மின்பிரிப்பு, எச்.பி.ஏ.1.சி., நெஞ்சு படம். எலும்பு மச்சைப் புற்றுநோயான மயலோமா, நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் இரண்டும் இந்த வயதில் முதல் முகம் காட்டுவது இப்படித் திரும்பத் திரும்ப வரும் கிருமியாகத்தான்.

தம்பலகாமம்_வரம்பு எழுதியது:

மூவருக்கும் பெரிய நன்றி. கிண்ணியாக்கரை எழுதிய கறுப்புச் சலக் கேள்வி எங்கள் சங்கத்துக்கென்றே எழுதினது போல இருக்கு, அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு. எச்சில் சோதனைக்கு விடை வரவில்லை. அதோடு, பல முதியவர்களுக்குக் கிருமி ஏறினாலும் காய்ச்சல் காய்வதில்லை என்கிறார்கள். அதுவும் பரம்பரையா? வீட்டில் இருப்பவர்கள் எதைப் பார்த்து ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?

கொட்டியாரக்குடா எழுதியது:

எச்சில் சோதனை: இந்த விஷயத்துக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கோ. மேலே சொன்ன டி.எல்.ஆர்.5, எம்.பி.எல்.2 போன்றவை அந்தச் சோதனையின் மூலத்தரவில் இருக்கக்கூடும். பிள்ளைகள் அதை எடுத்து இன்னொரு இணையத்தளத்தில் போட்டு "அப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு" என்று சிவப்பு எழுத்தில் ஒரு ரிப்போட் எடுப்பார்கள். அதை வைத்து டொக்டர் மாற்றப்போகும் மருந்து ஒன்றும் கிடையாது. அரிய மாற்றங்கள் மூலத்தரவில் தவறாகக் காட்டப்படுவதும் சாதாரணம். 2018இல் வைத்தியசாலைத் தரச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்தவற்றில் 40 சதவீதம் உண்மையில் இல்லாத மாற்றங்கள். இதைவிடப் பெரிய தலையிடி, கிருமியைத் தேடப் போனவருக்கு மறதி நோய்க்கான ஏ.பி.ஓ.ஈ.4 இருக்கென்று கேளாத செய்தி வந்து சேர்வது.

முதுமைக்கென்றே உரிய மரபணு மாற்றத்தை அந்தச் சோதனை சொல்வதும் இல்லை. பிறப்போடு வந்ததல்லாமல், எலும்பு மச்சையில் வாழ்நாளில் உண்டாகும் மாற்றங்கள் அவை. 70 தாண்டியவர்களில் பத்தில் ஒருவர் அளவில், டி.என்.எம்.டி.3ஏ, டெட்2 போன்ற மரபணுக்களில் ஒரு பிழை விழுந்த தாய்க்கலம் பெருகி இரத்தத்தின் ஒரு பகுதியைத் தன் வாரிசுகளால் நிரப்பிவிடும். அந்த வெண்குழியங்கள் அழற்சியைக் கூடுதலாகக் கொட்டும். நிறமூர்த்தத் துண்டுகள் இழந்தோ இரட்டித்தோ பெருகிய கலங்கள் உள்ளவர்களுக்கு இரத்தக் கிருமியும் நிமோனியாவும் கூடுதல் என்று 2021இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆண்களில் மிகச் சாதாரணமாகக் காண்பது வை நிறமூர்த்தமே சில வெண்குழியங்களில் காணாமல் போவது. 70 வயதில் பத்தில் நாலு ஆண்களிடம் இருக்கு. புகைப்பவர்களிடம் இது கூடுதல், விட்டவர்களிடம் குறைவு. சுருட்டை விடச் சொல்லப் புதுக் காரணம் தேடுகிறவர்களுக்கு இது உதவும்.

ஆக "பரம்பரை" என்று கைகாட்டும் அண்ணனும் தம்பியும் பிறக்கும்போது ஒரே மாதிரியான மரபணுவோடு வந்திருந்தாலும், 70இல் அவர்கள் மச்சையில் ஓடுவது ஒரே இரத்தமல்ல.

காய்ச்சல் காயாமல் இருப்பதில் பரம்பரையைத் தேட வேண்டாம். கடும் தொற்று வந்த முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் மட்டுப்பட்டோ இல்லாமலோதான் இருக்கும். பனடோலும் பிரெட்னிசலோனும் அதை இன்னும் மறைக்கும். நாடித்துடிப்பை நம்பலாம் என்றால், நாடியை மெதுவாக்கும் பிசோபுரோலோல், அட்டனோலோல் எடுப்பவருக்கு அது ஏறாது. அதனால் நல்லாக இருக்கும் நாட்களில் காலையில் சில தரம் வெப்பநிலை எடுத்து, அந்த ஆளுக்குரிய வழமையைக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். வாயில் ஒருமுறை 100 பரனைட்டுக்கு மேல், அல்லது திரும்பத் திரும்ப 99க்கு மேல், அல்லது அவரின் வழமையைவிட 2 பாகை கூட, இதில் ஏதாவது ஒன்றானால் காய்ச்சலாகவே எடுக்க வேண்டும். வழமை 96.5 உள்ள ஒருவருக்கு 98.6 என்பது "நோமல்" அல்ல.

அதைவிட நம்பத்தக்கது மூச்சு. ஆள் அறியாமல் நெஞ்சையோ வயிற்றையோ பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கோ. 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால் பிழைக்கும். நிமிடத்துக்கு 22 அல்லது கூட, மேல் பிரஷர் 100 அல்லது குறைவு, நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று மாறாட்டமாகப் பேசுவது. மூன்றில் இரண்டு இருந்தால் ஓட்டோவைக் கூப்பிட வேண்டியதுதான். மாறாட்டம் ஒன்று மட்டும் புதிதாக வந்தாலும் காத்திருக்க வேண்டாம். சாப்பாட்டைத் தள்ளுவது, எழும்பி நடக்க ஏலாமல் விழுவது இரண்டையும் "வயசு" என்று விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, சலத்தில் கிருமி என்று ரிப்போட் வந்தாலும் எரிவு, காய்ச்சல், அடிவயிற்று நோ ஒன்றும் இல்லாவிட்டால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. வயது போன பெண்களில் கிருமி சும்மா தங்கியிருப்பது சாதாரணம். அதற்கெல்லாம் அன்ரிபயோட்டிக் குடித்தால் உண்மையான தொற்று வரும் நாளில் மருந்து பலிக்காது.

திருமலை_ஆய்வுகூடம் எழுதியது:

ஒரு சேர்க்கை. மெலியோய்டோசிஸ் உறுதியானால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி ஆகக் குறைந்தது 10 முதல் 14 நாள், ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி இருந்தால் இன்னும் நீளும். ஆண்களுக்கு புரொஸ்டேற்றையும் ஸ்கானில் பார்க்க வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் தட்டில் பலிப்பது போலக் காட்டினாலும் ஆளில் கைகொடுப்பதில்லை. ஊசி தொடங்கி ஒரு கிழமைக்கு மேல் காய்ச்சல் நிற்காமல் இருக்கலாம், வீட்டார் பதறி ஆளை வேறிடத்துக்குக் கொண்டு போகிறார்கள். பிறகு கோ-டிரைமொக்சசோல் குளிசை மூன்று மாதம். பிரஷருக்கு லொசாட்டன், எனலாபிரில் எடுக்கும் முதியவருக்கு இதனால் பொற்றாசியம் ஏறும். முதல் கிழமையிலேயே பொற்றாசியமும் கிரியற்றினினும் பார்க்கச் சொல்லுங்கள். "சுகமாயிட்டுது" என்று இரண்டாம் மாதத்தில் குளிசையை விடுபவர்களிடம்தான் நோய் திரும்ப வருகிறது. அதைத்தான் பிறகு "பரம்பரை உடம்பு" என்கிறார்கள்.

கிண்ணியாக்கரை எழுதியது:

எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கொடுக்கும் டொக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் கிழமைக்கு ஒருக்கா என்பது மெலியோய்டோசிசைத் தடுக்காது. ரெண்டையும் ஒன்றாக நினைத்துக் குளிசை குடித்தாச்சு என்று வெறுங்காலோடு இறங்குவாங்க. முழங்கால் வரை பூட்ஸ், காயத்துக்குத் தண்ணி புகாத ஒட்டு, குடிக்கிற கிணற்றுத் தண்ணிக்குக் குளோரின் அல்லது கொதிக்க வைப்பது, பெருங்காற்றோடு மழை அடிக்கும்போது வயலில் நிற்காமல் வாடிக்குள் போவது, இவ்வளவும் வேணும். சீனி கட்டுப்படாதவர்கள், சிறுநீரக வருத்தக்காரர் பெருமழை பெய்யும் அந்த இரண்டு மூன்று மாதமும் நாற்று, களை வேலைக்கு இறங்காமல் விட்டால் இன்னும் நல்லம்.

நியூமோகொக்கஸ் தடுப்பூசி கேட்டால்: 65 தாண்டிய ஏறத்தாழ 84,500 பேரை வைத்து நெதர்லாந்தில் செய்த சோதனையில், ஊசியில் உள்ள வகைகளால் வரும் நிமோனியாவை 45 சதவீதமும் இரத்தத்தில் பரவுவதை 75 சதவீதமும் குறைத்தது. இப்போதுள்ள 20 வகை ஊசி ஒருமுறை போட்டால் போதும். போட்ட திகதியையும் ஊசியின் பெயரையும் கொப்பியில் எழுதி வையுங்க, அடுத்த தரம் வேறு டொக்டர் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.